டெஸ்க்டாப்போடு குடிபெயர்கிறீர்களா? முதலில் கூலரைக் கழற்றுங்கள்

டெஸ்க்டாப்பை அப்படியே கேபினட்டோடு அனுப்பலாமா என்று புதிதாகக் குடிபெயர்கிற பலரும் கேட்கிறார்கள். அனுப்பலாம். ஆனால் பிராசசர் மேல் அதன் சூட்டைத் தணிக்க இருக்கும் பெரிய கூலரையும் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றிய பிறகுதான்.

நான் கழற்றாமல் அனுப்பினேன். வந்து திறந்தால் கூலர் பிய்ந்து கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுந்து கிடந்தது. மதர்போர்டும் போயிற்று. பெட்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

காரணம் எளிது. நாக்டுவா என்ஹெச்-டி15 போன்ற கூலர் விசிறிகளோடு 1.3 கிலோ இருக்கும். கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது மதர்போர்டு சுவர் மாதிரி நிற்கிறது, கூலர் அதில் மாட்டிய மூட்டை மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அசையாமல் இருக்கும்வரை சரி. பெட்டியைத் தூக்கிப் போடும்போது அந்த எடை பல மடங்காகி, நான்கு ஸ்க்ரூவிலும் போர்டிலும் இறங்குகிறது. "உடையும் பொருள்" ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள், நேராக இழுக்க வேண்டாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனம்: பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து அதன் அடியிலிருக்கும் பின்கள் வளைந்துவிடலாம். கூலர் வந்த பிறகு பிராசசர் சாக்கெட்டிலேயே இருக்கட்டும், அதைவிடப் பத்திரமான இடம் அதற்கு இல்லை. பேஸ்ட்டைத் துடைத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது புதுப் பேஸ்ட் வைத்தே ஆக வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டை ஆன்டிஸ்டாடிக் கவரில் (நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் உறை) போட்டு அட்டைப்பெட்டியில் வையுங்கள். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் கைப்பையில். கண்ணாடிக் கதவு இருந்தால் அதையும் தனியாகச் சுற்றுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூக்களை ஒரு சின்னப் பையில் போட்டு கேபினட்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.

காரில் பக்கத்துத் தெருவுக்குத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் இவ்வளவு வேண்டாம். மதர்போர்டு கீழே வரும்படி கேபினட்டைப் படுக்க வைத்தால் போதும். கூலரின் எடை போர்டின் மேல் நேராக இறங்கும்.

போய்ச் சேர்ந்ததும் உடனே கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்த பெட்டியில் ஈரம் படியும், சில மணி நேரம் விடுங்கள். அப்புறம், வேறு நாட்டுக்குப் போயிருந்தால், பவர் சப்ளையின் பின்பக்கம் பாருங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். சில பழைய மாடல்களில் 115/230 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது 115-இல் இருக்கும்போது 230 வோல்ட்டில் செருகினால் பவர் சப்ளை எரிந்துவிடும்.