தரைக்கு மேல் நிற்கும் நீச்சல்குளம்: கசியும் வினைல் லைனரை மாற்றும் முறை

குளத்துநீர் கேட்டது:

வட்டக் குளம். விட்டம் 4.5 மீட்டர், இரும்புத் தகட்டுச் சுவர், உயரம் 1.2 மீட்டர். லைனர் (குளத்தின் உள்ளே விரித்திருக்கும் வினைல் உறை) சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் மடிந்து தொங்கும் ஓவர்லாப் வகை. நாளைக்கு 3 செ.மீ. தண்ணீர் இறங்குகிறது. ஸ்கிம்மருக்கு (மேல்மட்டக் குப்பையோடு நீரை இழுக்கும் சுவர்வாய்) கீழே இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டும் நிற்கவில்லை. லைனர் வெளுத்து, தண்ணீருக்கு மேலே தெரியும் பகுதி விறைத்துப் போயிருக்கிறது. ஒட்டுப் போட்டே ஓட்டலாமா, மாற்றித்தான் ஆகணுமா? இதே லைனரைக் கழற்றி, அடிமணலைச் சரிசெய்து திரும்பப் போட முடியுமா?

ஒட்டுப்பசை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. வயதான வினைல் தண்ணீர் இறங்கிக் காய்ந்ததும் சுருங்கும். திரும்ப நிரப்பும்போது பழையபடி நீளாது, மூலையிலோ தையலிலோ கிழியும். விறைத்துப் போன லைனருக்கு ஒட்டும் வீண். ஒட்டு பிடித்துக்கொள்ளும், அதன் ஓரத்தில் அடுத்த வெடிப்பு விழும்.

ஆனால் புது லைனர் வாங்கும் முன் கசிவு லைனரில்தானா என்று உறுதி செய்யுங்கள். ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்திலேயே ஏணிப்படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். வாளியில் குறைந்தது ஆவியானது, அதற்கு மேல் குளத்தில் குறைந்தது கசிவு. பம்ப் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்தி ஒரு தடவை பாருங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால், நீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பக்கக் குழாயைச் சந்தேகப்படணும். ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்போடு மட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி ஸ்கிம்மர் கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் ரப்பர் பட்டை). அதற்கு லைனரை மாற்றவே வேண்டாம். உங்கள் அளவுக் குளத்தில் 3 செ.மீ. என்றால் சுமார் 475 லிட்டர். ஆவியாதல் மட்டும் இவ்வளவு எடுப்பது அபூர்வம்.

பம்பை நிறுத்தி, நீர் அசையாதபோது ஸ்கிம்மர் முகத்தட்டு, ரிட்டர்ன், தையல் பக்கத்தில் உணவுச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓட்டை இருந்தால் சாயம் இழையாக உள்ளே ஓடும்.

மணல்மட்டம்:

லைனர்தான் என்று முடிவானால், எதனால் ஓட்டையானது என்று பார்க்காமல் புதுசைப் போடாதீங்க. உள்ளே குத்தின பொருள் அங்கேயே இருந்தால் புது லைனரும் அதே இடத்தில் போகும்.

தண்ணீரைச் சீக்கிரம் இறக்கணும்னு லைனரைக் கத்தியால் கிழித்து விடுவாங்க சிலர். வேண்டவே வேண்டாம். மொத்தத் தண்ணீரும் சுவருக்கு அடியில் பாய்ந்து மணலை அரித்துட்டுப் போயிடும், சுவர் நிற்கும் கீழ்த்தண்டவாளத்துக்கு அடியில் பள்ளம் விழும். சப்மெர்சிபிள் பம்ப் வைத்து, கட்டட அஸ்திவாரத்திலிருந்து தள்ளி விடுங்க.

காத்து இல்லாத நாளாப் பாருங்க. தண்ணீர்தான் அந்தச் சுவரை நிமிர்த்தி வைத்திருக்கு. காலியா நிற்கும் தகடு ஒரே வீச்சில் உள்ளே மடியும், மடிந்த தகடு திரும்ப நேராகாது. மேல்மூடி, மேல்பட்டையெல்லாம் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, ஸ்க்ரூவைத் தனித்தனிப் பையில் போடுங்க. நிறுத்துதூண்களைத் தொடாதீங்க. சுவரின் மேல்விளிம்பைச் சுற்றி ஓடும் வளையக் கம்பியையும், லைனரை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையையும் எடுத்து, லைனரை ஒரு கை அகலத்துக்கு அறுத்துச் சுருட்டி வெளியே தூக்குங்க. உடனே மேல் வளையக் கம்பியைத் திரும்ப மாட்டிடுங்க, உள்ளே வேலை செய்யும்வரை சுவர் வட்டமா நிற்கும்.

இப்போ சுவரை உட்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பாருங்க. ஸ்கிம்மர் வெட்டைச் சுற்றியும், அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்திலும்தான் துரு முதலில் வரும். மேலோட்டத் துருன்னா கம்பி பிரஷ், உப்புத்தாள், துத்தநாக பிரைமர், பெயின்ட். ஊசி ஓட்டைன்னா அலுமினிய டேப். ஆனா ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினா உள்ளே போகுது, அடியில் நீளத்துக்கு அரித்திருக்குன்னா லைனர் வாங்காதீங்க, சுவரை மாற்றணும். நிரம்பினால் உள்ளே ஏறக்குறைய 16,000 லிட்டர், அதாவது 16 டன். சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் வெளியே தள்ளும். டேப் இதைத் தாங்காது.

தரையில் கல், வேர் பொறுக்கணும். கோரை முளைத்திருந்தால் கிழங்கோடு தோண்டி எடுங்க, அதன் கூர்முனை வினைலைத் துளைத்துக்கொண்டே மேலே வரும். சலித்த மணல் 5 செ.மீ. கனம் வேணும், முழுசாப் புதுசா போட்டா 0.8 கன மீட்டர், பழசு இருந்தால் குறையும் இடத்துக்கு மட்டும். நொறுக்கிய கல்மணலில் கூர்முனை இருக்கும், அதைத் தவிருங்க. லேசாத் தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு, நீளச் சட்டத்தால் மட்டம் இழுங்க. பாதச் சுவடு ஒன்று விட்டாலும் லைனர் வழியா அப்படியே தெரியும். முடிந்தால் மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிங்க.

சுவர் தரையைச் சந்திக்கும் மூலையில் 15 செ.மீ. உயரத்துக்குச் சுற்றிலும் மணற்சரிவு கட்டணும். இது இல்லாமல் போட்டால் லைனர் அந்த மூலையில் இழுபட்டு, சுவருக்கு அடி வழியா வெளியே பிதுங்கிக் கிழியும்.

குளத்துநீர்:

வாளி வைத்துப் பார்த்தேன், லைனர்தான். மூலைக்கு மணலுக்குப் பதில் நுரைப் பட்டை போடலாமா?

ஒட்டுப்பசை:

போடலாம், நான் நுரைக்கே ஓட்டுப் போடுவேன். மணற்சரிவை எறும்பு தோண்டும், லைனர் இறக்கும்போது காலடியிலும் சரியும். நுரைப் பட்டை 1.2 மீட்டர் துண்டாக வரும். உங்கள் சுற்றளவு 14.1 மீட்டர், 12 துண்டு போதும். சுவரைத் துடைத்து உலர்த்திய பிறகே ஒட்டுங்கள், ஈரத்தில் பிடிக்காது.

மணல்மட்டம்:

மணற்சரிவை நல்லா இடித்துக் கட்டினால் அதுவும் நிற்கும்தான். இருந்தாலும் புதுசா செய்றவருக்கு நுரை நல்லது, ஒத்துக்கிறேன்.

நீலவிளிம்பு:

லைனரை மாட்டுவதைச் சொல்கிறேன். அதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

வெயிலடிக்கும், காற்றில்லாத நாளில் இரண்டு மூன்று பேர் வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் நிழலில்லாத இடத்தில் விரித்து வையுங்கள், இளகும். புல்தரையில் விரித்தால் புல் கருகும். குளத்துக்குள் தூக்கிக்கொண்டு போங்கள், இழுத்தால் மணல் கலையும். சுவரும் தரையும் சேரும் தையல் மூலைச் சரிவின் மேல், சுற்றிலும் ஒரே உயரத்தில் வரணும். மேல்விளிம்பைத் துணிக் கிளிப்பால் பிடித்து, சுற்றி நடந்து சமன் செய்த பிறகே பிளாஸ்டிக் பட்டை, வளையக் கம்பி. வளையக் கம்பியை ஒரேயடியாகக் கழற்றாமல், பகுதி பகுதியாக எடுத்து மாட்டுங்கள்.

ஸ்கிம்மர், ரிட்டர்ன் துளைகளை வெளிப்பக்கம் டக்ட் டேப்பால் அடையுங்கள். ஈரமும் இழுக்கும் வாக்குவம் கிளீனரின் குழாயை லைனருக்கும் சுவருக்கும் நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி இறக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி ஓட்டுங்கள். லைனர் சுவரோடு போய் ஒட்டும். வாக்குவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் விடுங்கள்.

தரைச் சுருக்கத்தை எடுக்க நேரம் 2 செ.மீ. தண்ணீர் இருக்கும்போதுதான். வெறுங்காலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தள்ளுங்கள். 10 செ.மீ. தாண்டினால் தண்ணீர் எடை பிடித்துக்கொள்ளும், அசையாது. அப்போதும் பெரிய சுருக்கம் நின்றால் கூச்சப்படாமல் தண்ணீரை இறக்கி மறுபடி ஆரம்பியுங்கள். தரை மேல் 15 செ.மீ. நின்ற பிறகு வாக்குவத்தை எடுக்கலாம்.

துளை வெட்டுவது கடைசி. ரிட்டர்னுக்கு 5 செ.மீ. கீழே தண்ணீர் வரும்வரை கத்தியைக் கையில் எடுக்காதீர்கள். நீர் ஏற ஏற லைனர் இறங்கும். முன்னாலேயே வெட்டினால் வெட்டும் துளையும் நேர்ப்படாது. ரிட்டர்னுக்குச் சிறு பெருக்கல் குறி போட்டு உள்ளிருந்து பாகத்தைத் தள்ளுங்கள். ஸ்கிம்மருக்கோ வெட்டு முதலில் இல்லை, ஸ்க்ரூதான் முதலில். துளைகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து ஊசியால் குத்தி, புது கேஸ்கெட்டோடு முகத்தட்டை வைத்து எதிரெதிர் ஸ்க்ரூவாகக் கையால் முறுக்குங்கள். டிரில் வைத்து முறுக்கினால் பிளாஸ்டிக்கில் மரை போய்விடும். எல்லாம் இறுகிய பிறகு முகத்தட்டின் உள்விளிம்பை ஒட்டி லைனரை வெட்டி எடுங்கள். பழைய கேஸ்கெட்டை மட்டும் திரும்பப் போடாதீர்கள், அடுத்த கசிவு அங்கேதான்.

குளத்துநீர்:

கேஸ்கெட்டுக்கு மேலே சிலிகான் தடவணுமா? நிரம்பியதும் குளோரின் எப்போது?

நீலவிளிம்பு:

சிலிகான் வேண்டாம், கேஸ்கெட் சரியாக உட்கார்ந்தால் தேவையில்லை, வழுக்கி நகரவும் விடும். முதலில் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம், பிஹெச் 7.2 முதல் 7.6. பிஹெச் ரொம்ப நாள் குறைவாகவே இருந்தால் வினைல் நீரை உறிஞ்சிச் சுருக்கம் விழும். அதன் பிறகு குளோரின். குருணையை அப்படியே கொட்டினால் அடியில் படிந்த இடம் வெளுத்துவிடும். வாளித் தண்ணீரில் குருணையைப் போட்டுக் கரைத்து, பம்ப் ஓடும்போது சுற்றி ஊற்றுங்கள். குருணையின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.