மாட்டு வண்டித் தபால்தலை ஒட்டிய கடிதம் விமானத்தில் போயிருக்குமா?

பாளை மகள்:

வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டின் அரங்கை (சாமான் வைக்கும் உள்ளறை) காலி செய்தபோது ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. தாத்தாவின் அண்ணன் லண்டனில் மருத்துவம் படித்தவர். எங்கள் பூட்டன் இங்கிருந்து எழுதிய கடிதங்களை அவர் உறையோடு அப்படியே ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். மொத்தம் 23.

இரண்டு உறைகளைப் பற்றித்தான் கேள்வி. ஒன்றில் 2½ அணாத் தலை. ஆறாம் ஜார்ஜ் முகத்தோடு ஒரு மாட்டு வண்டி. முத்திரை பாளையங்கோட்டை, 11 ஜூலை 1938. இடது மூலையில் நீல நிற ஏர் மெயில் சீட்டு. இன்னொன்றில் 14 அணாத் தலை, விமானப் படம், 20 நவம்பர் 1940. ஓரத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு சென்சார்காரர்கள் ஒட்டிய காகிதமும் இருக்கிறது.

தபால்தலை வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டினேன். "2½ அணாவுக்கு லண்டன் வரை எந்த விமானமும் போகாது, சீட்டைப் பிறகு யாரோ ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு தலைகளையும் வெட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எங்கள் வீட்டில் யார் ஒட்டியிருக்கப் போகிறார்கள்? பெட்டி அறுபது வருஷமாகத் திறக்கப்படவே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆர்எம்எஸ் ஓய்வு, திருநெல்வேலி ஜங்ஷன்:

அம்மா, முதலில் ஒன்று. கத்தரிக்கோலை அந்தப் பெட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தலையை வெட்டினால் மிஞ்சுவது ஒரு படம். உறை முழுசாக இருந்தால்தான் அது எந்த நாளில், எவ்வளவு கட்டணத்தில், எந்த வழியாகப் போனது என்று படிக்க முடியும். எங்கள் மாமா கொழும்பில் கடை வைத்திருந்தார். அவர் கடிதங்களில் இருந்த தலைகளை எல்லாம் சின்ன வயதில் சட்டித் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். நூறு தலை இன்னும் கையில் இருக்கிறது, ஒன்றின் பயணம்கூட எனக்குத் தெரியாது. அந்த வருத்தம் இன்றுவரை போகவில்லை.

அப்புறம், அந்தத் தபால்தலை வியாபாரி சொன்னது தவறு. 1938 பிப்ரவரியில் இந்தியாவுக்கு 'எம்பயர் ஏர் மெயில்' திட்டம் வந்தது. அதில் சேர்ந்த நாடுகளுக்குப் போகும் சாதாரணக் கடிதம் எல்லாமே விமானத்தில்தான். தனி விமானக் கட்டணம் இல்லை. அரை அவுன்சுக்கு 2½ அணா, அவ்வளவுதான். உங்கள் பூட்டன் சரியான தலையைத்தான் ஒட்டியிருக்கிறார். 1937இல் வந்த அந்த வரிசையில் 2 அணாவிலிருந்து 12 அணா வரை ஒவ்வொரு தலையிலும் தபால் போகும் ஒரு விதம் இருக்கும்: 2 அணாவில் தபால் ஓட்டக்காரர், 3½ அணாவில் ஒட்டகம், 4 அணாவில் ரயில், 6 அணாவில் கப்பல், 12 அணாவில் விமானம். 2½ அணாவுக்கு மாட்டு வண்டி வாய்த்தது. அதனால் 38இல் மாட்டு வண்டிப் படத்தோடு எத்தனையோ கடிதங்கள் கடல் தாண்டிப் பறந்திருக்கின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

வழியைச் சொல்கிறேன். இங்கிருந்து ரயில். அதே 1938இல் டாடா விமானம் கராச்சி, பம்பாய், சென்னை என்று வந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டுவிட்டது. ஆகவே திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறிக் கராச்சி போயிருக்கும். கராச்சியிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம், தண்ணீரில் இறங்குமே, அந்தப் படகு விமானம். வளைகுடா, எகிப்து, மத்தியதரைக் கடல் எல்லாம் தாண்டி சவுத்தாம்ப்டனில் இறங்கும்.

உறையின் பின்பக்கம் வழி முத்திரை ஒன்றும் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பையைக் கட்டி அரக்கு வைத்துவிட்டால் நடுவழியில் யாரும் பிரித்துக் குத்துவதில்லை. 31 வருஷம் ஆர்எம்எஸ் சார்ட்டிங் வண்டியில், அதாவது ஓடும் ரயிலிலேயே தபால் பிரிக்கும் பெட்டியில், உட்கார்ந்தவன் சொல்கிறேன். சீட்டு பிறகு ஒட்டியதா என்பதற்கு ஒரே ஒரு சோதனை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முத்திரையின் மை பாதி சீட்டின் மேலும் பாதி உறையின் மேலும் தொடர்ச்சியாக ஓடினால் அது அன்றைக்கே ஒட்டியது.

14 அணா உறை வேறு கதை. 1939 செப்டம்பரில் போர் வந்ததும் மலிவுத் திட்டம் நின்றது, விமானக் கட்டணம் திரும்பியது. உங்களிடம் இருக்கும் தலை 1940 அக்டோபரில்தான் வெளியானது. ஆனால் அந்த ஜூனில் இத்தாலி போரில் இறங்கி மத்தியதரைக் கடல் வழி அடைபட்டுவிட்டது. விமானங்கள் கெய்ரோவிலிருந்து தெற்கே திரும்பி ஆப்பிரிக்கா நெடுக டர்பன் வரை போயின. குதிரை லாட வழி என்பார்கள். இங்கிலாந்துத் தபால் பெரும்பாலும் அங்கிருந்து கப்பல் ஏறியது. ஆக, விமானப் படம் போட்ட கடிதம்தான் பாதி வழி கப்பலில் போயிருக்கிறது!

செங்கோட்டைப் பாசஞ்சர்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒரு சின்ன வேண்டுகோள். 1935 அக்டோபரில் டாடா இன்னொரு தடமும் தொடங்கியது: பம்பாய், கோவா, கண்ணூர், திருவனந்தபுரம். நம் பக்கத்துக் கடிதம் ஆரியங்காவுக் கணவாய் ரயிலில் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறியிருக்கலாம் அல்லவா? நான் பல வருஷமாகத் தேடும் உறை இது. பெட்டியில் 35, 36ஆம் வருஷத்து உறை இருந்தால், மேலே கையால் 'திருவனந்தபுரம் வழி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் அக்கா. விலைக்குக் கேட்கவில்லை, ஒரு படம் போதும்.

ஆர்எம்எஸ் ஓய்வு, திருநெல்வேலி ஜங்ஷன்:

இன்னொன்று விட்டுவிட்டேன். உள்ளே கடிதத்தையும் படியுங்கள். படிக்கப் போன பிள்ளைகள் கடிதம் வந்த தேதியைப் பென்சிலில் குறித்துவைப்பது வழக்கம். லேமினேஷன், செலோடேப் இரண்டும் வேண்டாம். ராமபாணப் பூச்சி இருந்தால் பெட்டியை மாற்றிவிடுங்கள். விலை கேட்டால், அந்தக் காலத்து உறைகள் பெரிய விலைக்குப் போவதில்லை. ஆனால் ஒரே கை ஒரே முகவரிக்கு எழுதிய 23 உறை வரிசையாகக் கிடைப்பது அபூர்வம். பிரிக்காதீர்கள்.

பாளை மகள்:

அண்ணாச்சி, பார்த்துவிட்டேன். மை சீட்டின் மேல் ஏறி உறைக்கு ஓடுகிறது, ஒரு கோடுகூட விலகவில்லை. செங்கோட்டைத் தம்பிக்கு: எங்களிடம் இருப்பதெல்லாம் 1937க்குப் பிறகானவை, மன்னிக்கவும்.

பென்சில் குறிப்பும் இருக்கிறது, இரண்டிலும். மாட்டு வண்டிக் கடிதம் 19 ஜூலையில் கிடைத்திருக்கிறது, எட்டே நாள். விமானத் தலைக் கடிதம் 3 பிப்ரவரி 1941, அதாவது 75 நாள். அதன் முதல் வரியில் பூட்டன் எழுதியிருக்கிறார்: "விமானத்தில் அனுப்புகிறபடியால் இது கிறிஸ்துமஸுக்கு முன் உன் கையில் சேரும்."