நிறமாலை இல்லாத கருவிக்கு ‘நிறமாலை’ எதற்கு?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அணுக்களை வேகமாக முடுக்கி, நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் முறை ஆக்சலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. இதற்கு ‘முடுக்கி நிறை நிறமாலையியல்’ என்ற சொல் நம் கலைச்சொல் குழுவில் நேற்று முன்மொழியப்பட்டது. ‘முடுக்கி’ நிலைத்துவிட்ட நல்ல சொல். அதில் கைவைக்க வேண்டாம். ஒளி பிரிந்து காட்டும் நிற வரிசையைக் குறிக்கும் ‘நிறமாலை’தான் எனக்கு உறுத்துகிறது. சிறுவர் இதழ் ஒன்றுக்கு எழுதிய கட்டுரையை என் அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்தச் சொல்லில் விரலை வைத்து, “மாமா, இதில் என்னென்ன நிறம் தெரியும்?” என்று கேட்டாள். அந்தக் கருவியில் எந்த நிறமும் தெரியாது. சொல்தான் அவளை அப்படி நினைக்க வைத்தது.

கட்டுரையின் பொருள் கால்சியம்-41. எலும்புத் தேய்மானத்தை ஆராய்பவர்கள் இந்த அரிய ஓரிடத்தானை (ஐசோடோப்) மிகச் சிறிய அளவில் ஒரே ஒரு முறை உடலுக்குள் செலுத்துகிறார்கள். அது எலும்பில் போய்ப் படிகிறது. சில மாதங்கள் கழித்துச் சிறுநீரில் வரும் கால்சியம்-41 பெரும்பாலும் எலும்பிலிருந்து கரைந்து வந்ததுதான். மருந்து கொடுத்தபின் அது குறைந்தால், எலும்பு கரைவது குறைகிறது என்று பொருள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் சோயா சத்துகளையும் ரைசெட்ரோனேட் என்ற எலும்புத் தேய்மான மருந்தையும் இப்படித்தான் ஒப்பிட்டார்கள்.

கால்சியம்-41-இன் அரைவாழ்வு, அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள். ஐந்து கோடி அணுக்கள் கையில் இருந்தாலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றுதான் சிதையும். அதனால் சிதைவுக்காகக் காத்திருக்காமல் இந்தக் கருவியால் அணுக்களையே எண்ணிவிடுகிறார்கள்.

சிறுநீரில் ஆக்சலேட் சேர்த்தால் கால்சியம் வெண்மையாகத் திரண்டு அடியில் படிகிறது. அதை ஃபுளூரைடாக மாற்றி, உலோகத் தூள் கலந்து, ஒரு சிறு குழியில் அழுத்தி வைக்கிறார்கள். அதிலிருந்து எதிர் அயனிகள் (எதிர் மின்னூட்டம் பெற்ற அணுக்கூட்டங்கள்) கிளம்புகின்றன. மில்லியன் கணக்கான வோல்ட் மின்னழுத்தம் அவற்றை முடுக்குகிறது. நடுவில் மெல்லிய தகடோ வாயுவோ எலக்ட்ரான்களை உரித்தெடுக்க, மூலக்கூறுகள் சிதறிப் போகின்றன. எஞ்சிய நேர் அயனிகள் மறுபடி முடுக்கப்பட்டு, காந்தத்தில் வளைந்து, உணர்கருவிக்குள் ஒவ்வொன்றாக விழுகின்றன.

பெரிய தொல்லை பொட்டாசியம்-41. இரண்டின் நிறைக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 90,000-இல் ஒரு பங்குதான்; காந்தத்துக்கு அது தெரிவதில்லை. ஆனால் கால்சியம் மூன்று ஃபுளூரின் அணுக்களோடு சேர்ந்து எதிர் அயனியாக எளிதில் வெளிவருகிறது. பொட்டாசியம் அப்படி வருவது மிக அரிது. மிச்சமாக நுழைவதை உணர்கருவி, ஆற்றலை இழக்கும் விதத்தை வைத்துக் கண்டுகொள்கிறது. எவ்வளவு அழகான வேலை!

ஆக, இங்கே நடப்பது பிரிப்பதும் எண்ணுவதும். கருவியை ‘முடுக்கி நிறைபிரிமானி’ என்றும், முறையை ‘முடுக்கி நிறைபிரிப்பளவை’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. நில அளவை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். ‘அளவை’ யாருக்கும் அந்நியமாக இராது. களத்தில் நெல் தூற்றுவதை நினைத்து ‘நிறைத்தூற்றி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படிமம் அருமை. ஆனால் தூற்றுதலுக்குப் பழித்தல் என்ற பொருளும் உண்டே என்று தயங்குகிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழகப் பாடநூலில் ‘நிறை’ என்பது மாஸ். இலங்கைப் பாடநூலில் அதே சொல் எடையைக் குறிக்கிறது, மாஸுக்கு அங்கே ‘திணிவு’. அங்குள்ள மாணவர் ‘நிறைபிரிமானி’ என்று படித்தால் எடையைத்தான் நினைப்பார். ‘திணிவுபிரிமானி’ என்பதையும் இணைச்சொல்லாகப் பதிந்துவிடுவோம். ‘பிரிமானி’ இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் பிணக்கு வராது.

அடுத்தது ஐசோபார். வானிலையில் அது சம அழுத்தக்கோடு. இங்கே கால்சியம்-41, பொட்டாசியம்-41 போல ஒரே நிறை எண் கொண்ட வெவ்வேறு தனிமங்களின் இணை. ‘ஓரிடத்தான்’ என்பதை ஒட்டி ‘ஒருநிறையான்’ எனலாம் என்று நினைக்கிறேன். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, மெய்க்கு முன் ‘ஒரு’ என்பதால் ‘ஓர்நிறையான்’ என்று எழுத வேண்டாம். ஆனால் இரண்டின் நிறையும் முற்றிலும் ஒன்றல்ல, நிறை எண்தான் ஒன்று. ‘எண்’ணை உள்ளே கொண்டுவரும் சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.