தேக்குக் கதவு, சன்னல் சில்லறை வேலைக்கு எந்தச் சின்ன ரம்பம்?

பள்ளத்தூர்_வளவு:
பழைய வளவு வீட்டில் சில்லறை மரவேலைகள் சேர்ந்து கிடக்கின்றன. ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினால், இத்தனை சின்ன வேலைக்கு வர யோசிக்கிறார். வேலைகள் இவை: இரண்டாங்கட்டுக் கதவு அடியில் உரசி ஆத்தங்குடிக் கல்லைக் கீறுகிறது, அடியை ஒரு 4 மி.மீ. அறுக்க வேண்டும். சன்னல் கதவில் 6 மி.மீ. கனமுள்ள ஓரப்பட்டிகள் மாற்ற வேண்டும். 12 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு தட்டு. அரை அங்குல பிவிசி குழாய், துருப்பிடித்த போல்ட் நாலைந்து.

கையில் இருப்பது 18 அங்குல ரம்பம். தேக்குச் சட்டத்தில் பாதி இறங்கியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது, கோடும் விலகுகிறது. 40 செ.மீ. இழுப்பறைக்குள் அடங்குகிற மாதிரி, எல்லாவற்றுக்கும் ஒரே ரம்பம் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய் வரை போடலாம்.

மூலமட்டம்:
தம்பி, ஒரே ரம்பம் என்பதை முதலில் விட்டுவிடுங்கள். மரத்துக்கு ஒன்று, இரும்புக்கும் பிவிசிக்கும் ஒரு சின்ன ஆக்ஸா பிளேடு ஃபிரேம். இரண்டும் சேர்ந்தே உங்கள் இழுப்பறையில் அடங்கும். "மரம், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் அறுக்கும்" என்று அட்டையில் போட்டு வருவதெல்லாம் மூன்றையும் சுமாராகத்தான் அறுக்கும்.

மரத்துக்கு என் தேர்வு, பிடியிலிருந்து பிளேடைக் கழற்றி மாற்றக்கூடிய ஜப்பான் இழுப்பு ரம்பம். பிளேடு 240 மி.மீ., அங்குலத்துக்கு 14 முதல் 17 பல். தள்ளும்போது அறுக்கும் ரம்பத்தின் தகடு வளையாமல் இருக்க, அதைக் கனமாகச் செய்தாக வேண்டும். இழுக்கும்போது அறுப்பதில் தகடு தானே விறைத்து நேராகிவிடும். அதனால் அரை மி.மீ. சுமாருக்குக் கூட மெல்லியதாக இருக்கலாம். வெட்டு வாய் குறுகினால் அகற்ற வேண்டிய மரம் குறைவு, கைவலியும் குறைவு. முற்றிய தேக்கில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கடையில் மடக்கு ரம்பம் என்று கேட்டால் பெரும்பாலும் கிளை வெட்டுகிறதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது பச்சை மரத்துக்கானது, பல் பெரிது. பிளைவுட்டின் மேல்தாளைச் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்த்துவிடும். வாங்காதீர்கள்.

பல் கணக்குக்கு ஒரு விதி: அறுக்கும் கனத்துக்குள் எப்போதும் 3 பல்லாவது அமர வேண்டும். அங்குலத்துக்கு 12 பல் என்றால் பல்லுக்குப் பல் 2 மி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் 6 மி.மீ. பட்டியில் அது மூன்றுக்கு மயிரிழை குறைவு. 8 பல் ரம்பம் என்றால் இரண்டுகூட அமராது, பட்டி கொக்கியில் மாட்டியதுபோல் துள்ளி உடையும்.

ஈர்வாள்_காரைக்குடி:
மூலமட்டம் அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். இழுப்பு ரம்பத்தின் பல் நீளமாக, ஒல்லியாக இருக்கும். அறுக்கும்போது மணிக்கட்டைத் திருகினாலோ, ஆணியில் பட்டாலோ பொட்டென்று போகும். செட்டிநாட்டு வீட்டு மரத்தில் ஆணி எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நூறு வருஷத்தில் யார் யார் எதை அடித்தார்களோ! புதிதாகக் கை வைப்பவருக்கு 14 அங்குலத் தள்ளு ரம்பம், 11 அல்லது 12 பல், முரட்டுத்தனத்தைத் தாங்கும்.

ஒன்று கவனியுங்கள். பல் நுனி கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கடினப்படுத்திய பல். நெடுநாள் மழுங்காது, ஆனால் மழுங்கினால் முக்கோண அரம் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும், தீட்ட முடியாது. பல் முழுக்க வெள்ளையாக இருந்தால் ஆசாரியிடம் கொடுத்துப் பல்லைத் தீட்டி வாங்கிக்கொள்ளலாம். தேக்கில் மணல்சத்து உண்டு, அது எந்தப் பல்லையும் சீக்கிரம் மழுக்கும். அதனால் தீட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் வெள்ளைப் பல், இல்லாவிட்டால் கருநீலப் பல்.

எதை வாங்கினாலும், அறுக்கும் முன்பு பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் குறி. பெயிண்ட் இல்லாத மரத்தில் இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றிக் கறுத்துப் போயிருக்கும், கண்ணுக்கே தெரியும்.

மூலமட்டம்:
ஆணி விஷயம் நியாயம்தான். ஆனால் ஆணியில் பட்டால் தள்ளு ரம்பமும் போகும். எனக்கு ஒரு பிளேடு மாற்றினால் சரியாயிற்று.

இரண்டாங்கட்டு:
ரம்பத்தை விடுங்கள், முதலில் கதவைப் பார்ப்போம். அது கீல் கதவா, மேலும் கீழும் குடுமி நீட்டி, அது குழியில் சுழலும் குடுமிக் கதவா?

பள்ளத்தூர்_வளவு:
குடுமிக் கதவு அண்ணே. இரட்டைக் கதவு, வலது பக்கம் மட்டும் உரசுகிறது. மழைக்காலம், வெயில்காலம் இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

இரண்டாங்கட்டு:
அப்படியானால் அறுக்கவே வேண்டாம். மரம் ஈரத்தில் ஊறுவது அகலவாக்கில். நீளவாக்கில் ஊறுவது கிட்டத்தட்ட இல்லை. ஐப்பசி கார்த்திகையில் கதவு பக்கவாட்டில் நிலையோடு பிடித்தால் அது ஊறல். எந்தக் காலத்திலும் அடி உரசினால் கீழ்க்குடுமி தேய்ந்து கதவு இறங்கிவிட்டது என்று பொருள். இன்று 4 மி.மீ. அறுத்தால் நாளைக்கும் குடுமி தேயும், மறுபடி அறுப்பீர்கள். பர்மாத் தேக்கு போனால் போனதுதான்.

செய்ய வேண்டியது: மேல்குடுமிக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். கதவை ஏற்றப் போகும் அளவுக்காவது இடம் வேண்டும். இரண்டு ஆள் பிடித்துக்கொள்ள, அடியில் மரக்கட்டை கொடுத்துக் கடப்பாரையால் நெம்பி, கீழ்க்குடுமியைக் குழியிலிருந்து எடுங்கள். கடப்பாரை ஆத்தங்குடிக் கல்லில் நேராக ஊன்றக் கூடாது. சிமெண்ட் கல், மூலை பெயர்ந்துவிடும். நாலாக மடித்த சாக்கின் மேல் பலகை போட்டு ஊன்றுங்கள். குழியில் இறுகிய மண்ணையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டுங்கள். பிறகு குழியின் வட்டத்துக்குச் சரியாக வெட்டிய பித்தளைத் தகடு, 2 மி.மீ. கனத்தில் ஒன்று போட்டுக் கதவை இறக்கிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொன்று. கொஞ்சம் கிரீஸ். மொத்தமாக 5 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் தாழ்ப்பாள் அதன் குழிக்கு நேராக வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈர்வாள்_காரைக்குடி:
அருமை. ஒரு ரம்பச் செலவு மிச்சம்!

பள்ளத்தூர்_வளவு:
ரொம்ப நன்றி அண்ணே, கதவை அறுக்கவில்லை. பட்டியும் பிளைவுட்டும் மிச்சம். இழுப்பு ரம்பமே வாங்குகிறேன். ஆனால் இப்போது இருக்கிற ரம்பம் ஏன் இறுகுகிறது? புதிதிலும் அதே கதை வந்தால்?

மூலமட்டம்:
வரும், சட்டத்தைத் தாங்கும் முறை தவறாக இருந்தால். இரண்டு முக்காலியில் இரு முனையையும் வைத்து நடுவில் அறுத்தால், பாதி அறுந்ததும் சட்டம் நடுவில் தொய்யும், வெட்டு வாய் மேலே மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வும். வேண்டிய பக்கம் முழுவதையும் பலகை மேல் அழுத்தி, கழிவுப் பக்கத்தை வெளியே தொங்க விடுங்கள். கடைசி ஒரு செ.மீ. வரும்போது கழிவை இடது கையால் ஏந்துங்கள். இல்லாவிட்டால் அடியில் நார் கிழிந்துகொண்டு விழும்.

அடுத்த காரணம், உங்கள் ரம்பத்தில் பல் மடிப்பு தேய்ந்திருக்கலாம். பல் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே மடிந்திருந்தால்தான் வெட்டு வாய் தகட்டைவிட அகலமாக விழும். ஒரு பக்க மடிப்பு மட்டும் மிகுந்திருந்தால் வெட்டு அந்தப் பக்கமே ஓடும்; கோடு விலகுவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அவசரத்துக்குத் தகட்டின் இரு பக்கமும் மெழுகுவத்தியைத் தேய்த்துப் பாருங்கள்.

இழுப்பு ரம்பத்தில் பிடிக்குப் பக்கத்துப் பல்லை விளிம்பில் வைத்து, எடை கொடுக்காமல் இரண்டு மூன்று சின்ன இழுப்பு. வாய் விழுந்ததும் முழு நீளத்துக்கும் இழுங்கள். தள்ளும்போது அழுத்தினால் தகடு மடங்கும். பிளைவுட்டில் கோட்டை முதலில் கத்தியால் கீறிவிட்டு, கழிவுப் பக்கமாகக் கீறலை ஒட்டி அறுங்கள், மேல்தாள் பெயராது. பட்டி மூலைகளுக்கு 45 பாகை வேண்டும் என்றால் கோணப் பெட்டி (ரம்பத்தைக் கோணம் மாறாமல் ஓட்டப் பிளவு விட்ட பெட்டி) வாங்குங்கள். ஆனால் அதன் பிளவு கனமான தகட்டுக்கானது, மெல்லிய தகடு உள்ளே ஆடும். வெட்டும்போது பிளவின் ஒரே ஓரத்தோடு ஒட்டி ஓட்டுங்கள்.

இரு பக்கமும் பல் உள்ள இழுப்பு ரம்பமும் கிடைக்கும்: ஒரு பக்கம் நார் குறுக்கே, மறுபக்கம் நார் வழியே. உங்களுக்கு வேண்டாம், சன்னல் சட்டத்தை ஒட்டி அறுக்கும்போது மேல் பல் சட்டத்தைக் கீறும்.

ஈர்வாள்_காரைக்குடி:
பழைய சன்னலில் பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தால், அறுக்கும் கோட்டில் ஈரத்துணியால் நனைத்து, முகக்கவசம் போட்டு அறுங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. முடிந்ததும் தகட்டைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

பள்ளத்தூர்_வளவு:
ஆக்ஸா பிளேடுக்கு எத்தனை பல்?

இரண்டாங்கட்டு:
குழாய்க்கும் போல்ட்டுக்கும் 24 போதும். மெல்லிய ஒயரிங் பட்டி என்றால் 32. பிளேடின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், தள்ளும்போது அறுக்கும். இழுப்பு ரம்பத்துக்கு நேர் எதிர், இரண்டையும் மாறி மாறி எடுக்கும்போது கை குழம்பும். நட்டை நன்றாக முறுக்குங்கள், தளர்ந்த பிளேடுதான் உடையும். போல்ட் சுவரை ஒட்டி இருந்து ஃபிரேம் நுழையாவிட்டால், பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் பிடித்து அறுக்கலாம். அப்போது மட்டும் பல் உங்களைப் பார்த்திருக்கட்டும், இழுத்து அறுங்கள். முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு வையுங்கள். பாதி போல்ட் அறுக்காமலே கழன்று வரும்.