பெர்லினைக் காக்கக் கிளம்பிய வெங்க் படை: வரைபடத்தில் தெரியும் அளவுக்கு நிஜத்தில் இருந்ததா?

வரைபடப்பித்தன் (கேள்வி):
1945 ஏப்ரல் பெர்லின் சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த வரைபடத்தை எடுத்தாலும் தென்மேற்கிலிருந்து தலைநகரை நோக்கி ஒரு தடித்த அம்புக்குறி: 'ஜெர்மன் 12ஆவது ராணுவம், வெங்க்'. நான்கு கோர்களின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்பிரிவு) பெயர்கூடப் போட்டிருக்கிறது. ஆனால் மொத்தத்தில் ஒரு மாதம்கூட நீடிக்காத படை என்கிறார்கள். கையில் என்னதான் இருந்தது? பெர்லினுக்குள் நுழைய வாய்ப்பு இருந்ததா?

எல்பேக்கரை:
நுழைய வாய்ப்பே இல்லை. இந்தப் படை பெர்லினுக்காகத் திரட்டப்பட்டதே அல்ல. மேற்கே ரூர் பகுதியில் சிக்கிய ஜெர்மன் தளபதி மோடலின் படையை மீட்கத்தான் ஏப்ரல் தொடக்கத்தில் இதைத் திரட்டினார்கள். மீட்கவேண்டியவர்களோ ஏப்ரல் 18க்குள் சரணடைந்துவிட்டார்கள்!

வால்டர் வெங்க் பிப்ரவரியில் கார் விபத்தில் அடிபட்டு, முழுதாகத் தேறாத உடம்போடு பொறுப்பேற்றவர். அவருக்குக் கிடைத்த டிவிஷன்களுக்குப் பெரும்பாலும் எண் இல்லை, பெயர்தான்: கிளாஸ்விட்ஸ், ஷார்ன்ஹோர்ஸ்ட், ஷில், கோர்னர், யான், ஹுட்டன். பாதிக்கு மேல் நெப்போலியன் காலத்து மனிதர்களின் பெயர்கள். பெயருக்குப் பஞ்சமில்லை, டாங்கிக்குத்தான் பஞ்சம். ஆட்கள் யார் என்று பாருங்கள். ராணுவப் பள்ளி மாணவர்கள், அரசுத் தொழிலாளர் சேவையில் இருந்த பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள். ஷில் டிவிஷனின் அடிப்படை, பூர்க் நகரத்துத் தாக்குதல் பீரங்கி வண்டிப் பள்ளி. யான் டிவிஷன் யூட்டர்போக்கில் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தபோதே சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன. கிளாஸ்விட்ஸ் வடமேற்கே அமெரிக்கர்களிடம் அழிந்தது. வரைபடத்தில் எல்லாமே ஒரே அளவுக் கட்டங்களாக இருப்பதால் இது தெரியாது.

அப்புறம் ஏப்ரல் 22. அமெரிக்கர்கள் எல்பே ஆற்றைத் தாண்டி வரமாட்டார்கள், வெங்கின் படையைக் கிழக்கே திருப்பலாம் என்று ஹிட்லரின் மூத்த தளபதி யோடல் யோசனை சொல்கிறார். அன்று நள்ளிரவு தாண்டி ஃபீல்டு மார்ஷல் கைட்டலே காட்டுக்குள் இருந்த வன அலுவலர் வீட்டுக்கு வருகிறார். அதுதான் வெங்கின் தலைமையகம். பெர்லினை மீட்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் போனதும் வெங்க் தன் அதிகாரிகளோடு வேறு கணக்குப் போடுகிறார்: கிழக்கே தாக்குவோம், ஆனால் சிக்கியவர்கள் வெளியே வர வழி திறப்பதற்காக. இந்த இரண்டு நோக்கங்களையும் ஒரே அம்புக்குறியால் காட்ட முடியாது.

தாக்கியது பெரும்பாலும் தளபதி கோலரின் 20ஆவது கோர். பெர்லினுக்குத் தென்மேற்கே இருக்கும் பேலிட்ஸ் மருத்துவமனை வளாகத்தைப் பிடித்து, அங்கிருந்த சுமார் 3,000 காயம்பட்டவர்களை மேற்கே அனுப்பினார்கள். படையின் முன்வரிசை ஷ்வீலோ ஏரியின் தென்கோடியில் இருக்கும் ஃபெர்க் கிராமம் வரை போனது. அங்கிருந்து ஹிட்லரின் பதுங்கறைக்கு 35 கிலோமீட்டருக்கும் மேல். 'வெங்க் எங்கே?' என்று பதுங்கறையிலிருந்து கேட்டார்கள். ஏரிக்குத் தெற்கே நின்றுவிட்டது என்று கைட்டல் பதில் அனுப்பினார். ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டது ஏப்ரல் 30 அன்று.

சந்தேகி:
வெங்கைக் கருணை வள்ளலாகக் காட்டும் கதைகளில் எனக்கு உடன்பாடில்லை. சோவியத் சிறைக்குப் பயந்து மேற்கே ஓடினார்கள், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே ஆயுதத்தைக் கீழே போட்டிருந்தால் அந்தப் பையன்களில் பலர் பிழைத்திருப்பார்கள்.

எல்பேக்கரை:
பையன்கள் விஷயத்தில் மறுக்க எதுவுமில்லை. ஆனால் 'ஓடினார்கள்' என்பதை ஏற்கமாட்டேன். ஓடவேண்டும் என்றால் பேலிட்ஸில் நின்றிருக்க வேண்டாம். பெர்லினுக்குத் தென்கிழக்கே ஹால்பே காட்டில் நசுங்கிய ஜெர்மன் 9ஆவது ராணுவத்தில் மிஞ்சியவர்கள், மே 1ஆம் தேதி அங்கே வந்துசேரும்வரை வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். சுமார் 25,000 வீரர்கள், கூடவே பொதுமக்கள். பாட்ஸ்டாமில் சிக்கியிருந்த தளபதி ரைமானின் ஆட்களும் அப்படித்தான் வெளியே வந்தார்கள்.

வரைபடப்பித்தன்:
சரி, எல்பேக்கு வந்தபிறகு அமெரிக்கர்கள் எல்லாரையும் விட்டார்களா?

எல்பேக்கரை:
இல்லை. மே 4 அன்று ஸ்டெண்டாலில் வெங்கின் தளபதிகளில் ஒருவரான எடல்ஸ்ஹைம் பேச்சுவார்த்தை நடத்தினார். சிம்ப்சனின் 9ஆவது அமெரிக்க ராணுவம், ஆயுதமில்லாத வீரர்களும் காயம்பட்டவர்களும் வரலாம் என்றது. பாலம் கட்ட உதவமாட்டோம், பொதுமக்கள் வரக்கூடாது என்றும் சொன்னது. சோவியத் அப்போது அவர்களின் கூட்டாளி. அகதிகளை அள்ளிக்கொள்வது அரசியல் தலைவலி.

டாங்கர்மூண்டே பாலத்தை ஜெர்மானியர்களே ஏப்ரல் 12இல் தகர்த்திருந்தார்கள். அதன் முறிந்த இரும்புச் சட்டங்கள்மேல் பலகை போட்டு, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வேறு இடங்களில் கடந்தவர்கள் தனி. சோவியத் குண்டுகள் கரைக்கு அருகே விழத் தொடங்கியதும் அமெரிக்கர்கள் சற்றுப் பின்வாங்கினார்கள். அந்த இடைவெளியில்தான் பொதுமக்களில் ஏராளமானோர் மேற்குக் கரைக்கு வந்தார்கள். மே 7இல் வெங்கும் கடந்தார். கடந்த வீரர்கள் ஒரு லட்சத்தைத் தொடுவார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

உங்கள் வரைபடத்தில் மே முதல் வாரத்துத் தாள் இருந்தால் அதை எடுங்கள். பெரும்பாலான புத்தகங்கள் ஏப்ரல் 30ஓடு அம்புக்குறியை நிறுத்திவிடுகின்றன.