84 ரூபாய் பாக்கி

செராக்ஸ் கடைக்காரர், காரைக்குடி:

ஊரில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது டாக்டருக்கும் வக்கீலுக்கும் முன்னால் செராக்ஸ் கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும். பட்டா இரண்டு காப்பி, ஆதார் மூன்று காப்பி என்று ஒருவர் மாதத்துக்கு நாலு தடவை வந்தால் கடனுக்கு அலைகிறார் என்று பொருள்.

அப்படி வந்துகொண்டிருந்தவர் ஓர் அண்ணன். வயது 58. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர்ச் சாந்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற வேலை. பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் இன்றும் அந்தக் கல்லைத் தேடித்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஆர்டர் எல்லாப் பட்டறைக்கும் வருவதில்லை. கொரோனாவில் நின்ற வேலை இவருக்குத் திரும்பவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. "தம்பி, என் பேர்ல பாக்கி எவ்வளவு இருக்கு பாரு" என்றார். நோட்டைப் புரட்டினேன், 84 ரூபாய். சட்டைப் பையிலிருந்து எண்ணி வைத்தார். கடைசி நாலு ரூபாய் ஒற்றை ரூபாய்க் காசுகளாக. "யாருக்கும் பாக்கி வச்சிட்டுப் போகக்கூடாதுல்ல" என்றார்.

'போகக்கூடாது' என்ற சொல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. கழுத்து வரை கடன் இருக்கிறவர் எதற்காக 84 ரூபாயைத் தேடி வந்து தீர்க்கிறார்? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்றும் பயம். சரி, வருவது வரட்டும் என்று நேராகவே கேட்டேன்: "அண்ணே, செத்துரலாம்னு ஏதும் நெனப்பு இருக்கா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தன நாள்ல நீதாண்டா கேட்ட" என்றார்.

அன்று ராத்திரி அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து மஞ்சள் பை ஒன்றைக் கொட்டினோம். நகைக்கடன் ரசீது, அண்ணி பேரில் குழுக்கடன் அட்டை, தினத்தண்டல் சீட்டு, கைமாத்து. கடன் பத்து லட்சம் தாண்டிவிட்டது என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து எழுதினால் 6 லட்சத்து 40 ஆயிரம். வட்டியை இரண்டு தடவை சேர்த்திருக்கிறார்! வட்டிக் கணக்கில் உலகம் சுற்றிய ஊரில் இப்படி ஒரு கூட்டல் பிழை. சிரிக்க முடியவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அண்ணிக்கு அதில் பாதிக் கடன் அன்றைக்குத்தான் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அந்த முகப்பிலிருந்தே போன் போட வைத்தேன். அன்று ராத்திரி அவரைத் தனியாக விடவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

---

தேவகோட்டையிலிருந்து ஒரு டீச்சர்:

எங்கள் வீதியில் ஓர் ஆச்சி. முகப்பு, வளவு, பட்டாலை என்று அந்த வீதியிலிருந்து அடுத்த வீதி வரை நீளும் வீடு. அதில் ஆச்சி புழங்குவது ஓர் அறையும் அடுப்படியும். மற்றதெல்லாம் பங்காளிகளின் பூட்டு. விற்கவும் முடியாது, ஒழுகினால் ஓடு மாற்றவும் காசில்லை. இருந்த பித்தளைப் பாத்திரம், பீங்கான் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்க்கு எழுதிக் கொடுக்கச் சொன்னால், "இந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு அதக் கேக்கவா?" என்பார். கொடுக்கிறவனும் வீட்டைப் பார்த்துவிட்டு இல்லை என்பான், அது வேறு.

ஒரு நாள் என்னிடம் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கை நீட்டி, "நீ வச்சுக்கடி, எனக்கு இனி எதுக்கு" என்றார். வயதானவர்கள் பேசுகிற பேச்சு என்று வாங்கி வந்துவிட்டேன். மேலே எழுதியிருப்பதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நேற்றுப் போய்க் கேட்டேன். அழுதார். இப்போது மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். தர்மம் என்று சொன்னால் வரமாட்டார் என்பதால், என் மகளுக்குக் கோலம் சொல்லித்தர வருகிறார் என்று பெயர்.

---

புதுவயல்:

எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு 54. அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. வேலை போனது. அந்த வயதில் புதிதாக யார் எடுப்பார்கள்? முழு பி.எஃப். பென்ஷனுக்கு 58 ஆக வேண்டும், முதியோர் தொகைக்கு 60. ரெண்டுங்கெட்டான் வயசு. இதில் கூட்டாளி ஒருவனுக்கு ஜாமீன் வேறு போட்டிருந்தார். அவன் ஊரைவிட்டுப் போனதும் வசூலுக்கு ஆட்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. எங்கள் சித்தப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சட்டம் தெரிந்திருந்தாலும் ஸ்டேஷன் படி ஏறியிருக்க மாட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிடுமே.

வெளியே நெஞ்சுவலி என்றுதான் சொன்னோம். இன்றைக்கும் சித்தி அப்படித்தான் சொல்கிறார். எத்தனை வீட்டு நெஞ்சுவலி இப்படியோ. அரசாங்கக் கணக்கின்படி 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் தற்கொலையில் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். நாடு முழுக்க அந்த வருஷம் அப்படி இறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள்.

தினமும் போனில் "சாப்பிட்டாச்சா சித்தப்பா" என்று கேட்டிருக்கிறேன். எவ்வளவு கடன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மரியாதைக் குறைவாக நினைப்பாரே என்று.

---

பெயர் வேண்டாம், பள்ளத்தூர் பக்கம்:

சித்தப்பாவைப் பற்றி எழுதியவருக்கு: நானும் அந்த விளிம்புவரை போனவள்தான். வயது 49, குழுக்கடன். ஒரு ராத்திரி 14416-க்கு அடித்தேன். டெலி மனஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். 104-ம் உண்டு. சென்னையில் ஸ்நேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, 044-24640050. எடுத்த பெண் புத்தி சொல்லவில்லை. இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அக்காவை எழுப்பச் சொன்னாள். எழுப்பினேன். அப்புறம் ஜி.எச்.-ல் மனநல டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தார். கடன் இன்னும் இருக்கிறது. தூக்கமும் வருகிறது.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது.

---

செராக்ஸ் கடைக்காரர், காரைக்குடி:

எல்லாம் படித்தேன். புதுவயல்காரருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போன் நம்பர் அனுப்பியிருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

பட்டறை அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மகன் மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறான். தண்டல்காரனிடம் நாலு பெரிய மனுஷரை வைத்துப் பேசி வட்டியை நிறுத்தியாயிற்று. அண்ணன் இப்போது வேறொருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போகிறார். முதல் வாரம் அந்தப் பக்கம் என் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்.

போன திங்கள்கிழமை ஒன்பது காப்பி எடுத்தார். 18 ரூபாய். பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கில எழுதிக்க தம்பி" என்றார். எழுதிக்கொண்டேன்.