மே–ஜூனில் உள்ளூர் உணவு இன்டர்ன்ஷிப்: 24 மாணவர்களை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: ஒருங்கிணைப்பாளர், நாகர்கோவில்

கலை அறிவியல் கல்லூரி. இரண்டாம் ஆண்டு முடித்த 24 பேர். வணிகவியல், தாவரவியல், மனையியல் கலந்து. மே இரண்டாம் வாரம் தொடங்கி ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் ஆளுக்கு 60 மணி நேரம், 2 கிரெடிட். விளைகிற இடத்திலிருந்து தட்டு வரைக்கும் நம்ம மாவட்டச் சாப்பாடு, இதுதான் தலைப்பு. தேன், நெல், மீன், வாழை, கருப்பட்டி என்று ஐந்து குழு போட யோசனை. கூட வரும் ஆசிரியர்கள் 3 பேர்தான். எதை வைக்கலாம், எதை விடலாம்? பத்து இடம் சுற்றிக் காட்டினால் எல்லா அறிக்கையும் ஒன்றுபோல வருகிறது, படம் மட்டும் வேறே. அவங்க கையில் என்ன வேலை கொடுப்பது?

பதில் 1: குளச்சல்காரன்

மேடம், ஆசிரியர் 3 பேர் என்றால் பொருளும் 3 போதும். ஒரு பொருளுக்கு 8 பேர், இரண்டிரண்டு பேராக 4 ஜோடி. ஒரு விவசாயியிடமோ வியாபாரியிடமோ இரண்டு பேருக்கு மேல் போய் நின்றால் அவர் வேலை கெடும்.

தேனை எடுத்துடுங்க. ரப்பர் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரப்பதுதான் மார்த்தாண்டம் பக்கம் பெரிய வரத்து. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அதோடு சரி. மழை பிடித்துவிட்டால் தேனீப் பெட்டிக்குச் சீனிப்பாகு வைக்கிற காலம். நெல்லும் அப்படியே: கும்பப்பூ என்கிற போன போகம் அறுத்து முடிந்திருக்கும், கன்னிப்பூ என்கிற அடுத்த போகம் நாற்றில் நிற்கும். நெல் அரிசியாகிறதைப் பார்க்க முடியாது.

மீனில்தான் தேதி முக்கியம். சின்னமுட்டத்து விசைப்படகுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் 1 முதல் 14 வரை மாவட்டத்தில் எங்கேயும் விசைப்படகு மீன் இறங்காது, வள்ளத்து (சின்னப் படகு) மீன் மட்டும்தான். மீன் குழுவை மே மாதமே குளச்சலிலோ முட்டத்திலோ முடித்துவிடுங்க. இல்லையென்றால் தடைக்கால விலையை எப்போதும் உள்ள விலை என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஏலத்தில் கேள்வி கேட்கக்கூடாது, யாரும் நின்று பதில் சொல்லமாட்டார்கள். ஒரே ஒரு கூடையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்க. ஏலம் தொடங்கிய விலை, முடிந்த விலை, தரகு, ஐஸ், வண்டிக்கூலி, கடைசியில் தெருவில் விற்கும் அம்மா எத்தனை கூறு போட்டார், மிச்சம் எவ்வளவு. ஏலம் கூடைக்கு, சந்தையில் விற்பது கூறுக்கோ கிலோவுக்கோ. அந்தக் கூடையை ஒரு தடவை தராசில் தொங்கவிடாமல் எந்தக் கணக்கும் நிற்காது.

இன்னொன்று: முன்பணம் வாங்கின படகு, கொடுத்த வியாபாரிக்குத்தான் மீனைப் போடும். அங்கே ஏலவிலை என்று சொல்வது உண்மையான ஏலவிலை இல்லை. இதை நேரடியாகக் கேட்டால் வாயே திறக்கமாட்டார்கள். நாலைந்து நாள் பழகினபிறகு தானே சொல்வார்கள்.

பதில் 2: விளையாட்டுப் பனை

கருப்பட்டியை விட்டுடாதீங்க, ஆனால் மே மாதத்திலேயே முடிச்சிடணும். மழை இறங்கினால் அக்கானி (பதநீர்) ஓய்ந்துபோகும்.

மாணவர் வேலை சுலபம்: புளிப்பு பார்க்கிற பி.எச். தாளும் தெர்மாமீட்டரும். பனையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசுவது அக்கானி புளிக்காமல் இருக்க. பூச்சு குறைந்தால் விடியுமுன்னே கள்ளாகத் திரும்பும், கூடினால் காய்ச்சும்போது பாகு பதம் வராமல் இழுக்கும், கருப்பட்டியிலும் சுண்ணாம்பு அடிக்கும். இறக்கினதும் ஒரு தடவை, அடுப்பேற்றுமுன் ஒரு தடவை தாளைத் தொட்டுப் பாருங்க. 7-க்குக் கீழே போயிருந்தால் அன்றைய பானையில் எங்கேயோ தப்பு. 10 லிட்டர் அக்கானிக்கு ஏறக்குறைய 1 முதல் 1½ கிலோ கருப்பட்டி. அதற்கு எவ்வளவு விறகு போனது என்றும் எடை போடச் சொல்லுங்க, விலை ஏன் அவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். பனை ஏற மாணவர் யாரையும் விடவே கூடாது, படத்துக்காகக்கூட.

பதில் 3: வடசேரி சந்தை

வாழைக்கு ஏத்தன் (நேந்திரன்) ரகத்தை எடுங்க. மட்டியும் செந்துளுவனும் குலைவிலை, ஏத்தன் கிலோவிலை, அதனால் கணக்கு சோதிக்கலாம். வணிகவியல் பிள்ளைகள் செய்யும் தப்பு இதுதான். கணக்குக்காக: 12 கிலோ குலை, தோட்டத்தில் கிலோ 40, கடையில் 60. 20 x 12 = 240 லாபம் என்று எழுதிவிடுவார்கள். தண்டு 1.2 கிலோ, கனிந்து உதிர்ந்தது 0.8 கிலோ, விற்றது 10 கிலோ, 600 ரூபாய். வாங்கினது 480. மிச்சம் 120, அதில்தான் ஏற்றுகூலி, ஆட்டோ, கடை வாடகை எல்லாம். குலையாக ஒரு எடை, கனிந்து உதிர்ந்தது ஒரு எடை, கடைசிச் சீப்பு போன பிறகு தண்டு ஒரு எடை. மூன்று எண்ணும் நோட்டில் இருந்தால்தான் மதிப்பெண் என்று சொல்லிடுங்க.

கூகுள் பாரம் கொடுத்து அனுப்பாதீங்க. "மாதம் எவ்வளவு விற்பீங்க" என்றால் வாயில் வந்ததைச் சொல்வார்கள். "நேற்று எத்தனை குலை வந்தது, இன்று எத்தனை மிச்சம்" என்று கேட்டால் சரியான பதில் வரும். நேரம் கொடுப்பவருக்கு அரைநாள் கூலியாவது கல்லூரி தரணும்.

ஒருங்கிணைப்பாளர்

நன்றி. மீன், ஏத்தன், கருப்பட்டி என்று வைக்கிறோம். நாளைக்கு 4 மணி நேரம், 15 நாள்: 9 நாள் களம், 3 நாள் கணக்கு, 3 நாள் கேன்டீன் சமையல். சமையலுக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும், 100 பேருக்கு. மரச்சீனி எவ்வளவு வாங்கணும்?

பதில் 2: விளையாட்டுப் பனை

வெந்தது ஆளுக்கு 200 கிராம் என்றால் 20 கிலோ. தோலும் முனையும் கழித்தால் நாலில் மூன்று பங்குதான் மிஞ்சும். 27 கிலோ வாங்குங்க. முந்தின நாள் சாயங்காலம் பிடுங்கினதாக இருக்கட்டும். மூன்றாம் நாள் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும், அதை வேகவைத்தாலும் கசக்கும். மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டணும், அதில்தான் கட்டு (கிழங்கில் உள்ள நச்சு) இறங்கும்.

பதில் 1: குளச்சல்காரன்

தராசை மறந்துவிட்டேன். 50 கிலோ தொங்குதராசு ஜோடிக்கு ஒன்று. தினமும் காலையில் 10 லிட்டர் தண்ணீர் நிறைத்த கேனைத் தொங்கவிட்டு, கேன் எடை கழித்து 10 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்க. உப்புக்காற்றில் ஸ்பிரிங் ஒரு வாரத்தில் பிடிக்க ஆரம்பிக்கும்.